வினைக்குப் பின்னால் ஒரு வால்: ஆங்கிலத்தின் 'அப்', 'ஆஃப்', 'அவுட்' பழகும் வழி

'ஃபேனை ஆஃப் பண்ணு' என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். இதில் 'ஆஃப்' மட்டும் தமிழுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் இருந்த 'டர்ன்' அல்லது 'ஸ்விட்ச்' வரவில்லை. அந்த இடத்தில் நம் 'பண்ணு' உட்கார்ந்துகொண்டது. அதனால் ஆங்கிலம் பேசும்போதும் பலருக்கு 'ஆஃப் தி ஃபேன்' என்றே வாயில் வருகிறது. ஆங்கிலத்தில் 'ஆஃப்' இப்படித் தனியாக நின்று வேலை செய்யாது. 'டர்ன்' என்ற வினைக்குப் பின்னால் நின்று, திருப்புவது எந்தப் பக்கம் என்று காட்டுவதே அதன் வேலை. 'டர்ன் ஆஃப் தி ஃபேன்' என்பதுதான் முழு வாக்கியம்.

சின்ன வினை ஒன்றும் திசை காட்டும் சொல் ஒன்றும் சேர்ந்து ஒரே பொருள் தரும் இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர். எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் எழுதிய நூல் ஒன்றின் வழியாக இந்தப் பெயர் பரவியது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லித் தந்த பெயர் என்று ஸ்மித்தே குறிப்பிட்டிருக்கிறார். பின்னால் நிற்கும் சொல்லைத் தமிழில் 'திசைச்சொல்' எனலாம் என்று தோன்றும். ஆனால் தொல்காப்பியத்தில் அந்தப் பெயருக்கு வேறு பொருள் உண்டு. ஆகவே இங்கே 'வால்' என்றே வைத்துக்கொள்வோம்.

பள்ளி இலக்கணம் படித்து, விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரிந்து, ஆனால் எதிரில் ஒருவர் வேகமாகப் பேசினால் திணறுகிறவர்களுக்கானது இந்தக் கட்டுரை. பாடப்புத்தகம் 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்விஷ்', 'டாலரேட்' என்று சொல்லிக்கொடுத்தது. எதிரில் இருப்பவரோ 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' என்கிறார். மூன்றிலும் ஒரே 'புட்'. தள்ளிவைப்பதையும் தீயை அணைப்பதையும் பொறுத்துக்கொள்வதையும் பிரித்துக் காட்டுவது வால் மட்டுமே. கேட்பவர் வாலைத் தவறவிட்டால் வாக்கியமே தவறிப்போகும்.

இரண்டு வகைச் சொற்கள் இருப்பதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நீதிமன்றத்துக்கும் அரசவைக்கும் படிப்புக்கும் உரிய சொற்கள் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்து குவிந்தன. அடுப்படியிலும் வயலிலும் பழைய சொற்கள் அப்படியே நின்றன. 'அசெண்ட்' ஏட்டில் இருந்தது, 'கோ அப்' வாயில் இருந்தது. நமக்கு ஆங்கிலம் ஏட்டு வழியாக வந்ததால் முதல் பாதி நன்றாகத் தெரியும், இரண்டாம் பாதி கைவரவில்லை.

தமிழில் இதற்கு ஈடு என்ன

இது நமக்கு முற்றிலும் அந்நியமான அமைப்பு அல்ல. ஆங்கிலம் வினையோடு திசையை ஒட்டுகிறது. தமிழ் வினையோடு இன்னொரு வினையை ஒட்டுகிறது. 'எழுது' என்பது வெறும் செயல். 'எழுதி வை' என்றால் பிறகு உதவும்படி எழுது என்று பொருள். ஆங்கிலத்தில் அது 'ரைட் டவுன்'. 'பார்' என்பது 'லுக்' என்றால், 'பார்த்துக்கொள்' என்பது 'லுக் ஆஃப்டர்'. 'தூக்கிப் போடு' என்பது 'த்ரோ அவே'. 'எடுத்து வை' என்பது 'புட் அவே'. 'திருப்பிக் கொடு' என்பது 'கிவ் பேக்'. 'விட்டுக்கொடு' என்பதில் 'விடு', 'கொடு' இரண்டின் நேர்ப்பொருளை மட்டும் கூட்டினால் 'இணங்கிப்போ' என்ற கருத்து கிடைக்காது. 'கிவ் இன்' என்பதும் அப்படித்தான். பிள்ளைக்கு 'விட்டுக்கொடு' புரிந்தது அகராதியைப் பார்த்து அல்ல; சண்டை நடந்த இடத்தில் அதைக் கேட்டுத்தான். 'கிவ் இன்' பழகவும் அதே வழிதான்.

வேறுபாடு ஒன்றும் உண்டு. ஏறு, இறங்கு, நுழை, கட, திரும்பு ஆகிய தமிழ் வினைகளில் திசை உள்ளேயே இருக்கிறது. ஆங்கிலப் பேச்சில் வினை எப்படிப் போனான் என்பதைச் சொல்லும், வால் எங்கே போனான் என்பதைச் சொல்லும். 'ரன் அவுட்' என்றால் ஓடியபடி வெளியே, 'கிரால் அவுட்' என்றால் ஊர்ந்தபடி வெளியே. நம் மனம் முதலில் 'இறங்கு' என்ற ஒற்றைச் சொல்லைத் தேடுகிறது. ஆங்கிலம் அங்கே இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறது. திணறல் தொடங்கும் இடம் இதுவே.

முதல் படி: வினையை விட்டு வாலைப் பிடியுங்கள்

பெரும்பாலான பட்டியல்கள் வினையின்படி அடுக்கப்பட்டிருக்கும். 'கெட்' என்று ஒரு தலைப்பு, அதன் கீழே கெட் அப், கெட் பை, கெட் ஓவர், கெட் த்ரூ, கெட் அலாங் என்று இருபது. இதை மனப்பாடம் செய்தால் மறுநாளே இருபதும் ஒன்றோடொன்று குழம்பும், ஏனென்றால் 'கெட்' என்ற சொல்லில் பிடித்துக்கொள்ளப் பிடியே இல்லை. அந்தப் பட்டியலை மூடிவிடுங்கள். வினைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அன்றாடம் வேண்டிய வால்களோ ஒன்பதுதான்: ஆன், ஆஃப், இன், அவுட், அப், டவுன், பேக், அவே, ஓவர்.

இந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு வலிமை என்பதற்குச் சான்று 1930இல் ஆங்கிலேய மொழியறிஞர் சி. கே. ஆக்டன் வெளியிட்ட 'பேசிக் இங்கிலீஷ்'. மொத்தம் 850 சொற்கள் கொண்ட சுருக்க ஆங்கிலம் அது. அதில் 'மே', 'வில்' என்ற துணைவினைகளையும் சேர்த்தே வினைகள் 18தான். 'கோ', 'கம்', 'புட்', 'டேக்', 'கிவ்', 'கெட்' போன்றவற்றைத் திசைச் சொற்களோடு இணைத்தே மற்றதையெல்லாம் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. சொற்கள் குறைந்தன, ஆனால் இணைத்தபின் வரும் பொருளைக் கற்பவர் தனியாகப் பழகத்தான் வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தைத்தான் இப்போது தொடங்குகிறோம்.

ஒரு மரத்தை வைத்துப் பார்ப்போம். கையில் 'கட்' என்ற ஒரே வினை. வழியை மறைக்கும் கிளையை மட்டும் வெட்டி நீக்கினால் 'கட் ஆஃப்'. ஒட்டியிருந்தது பிரிந்துபோனது. மின்வாரியம் இணைப்பைத் துண்டிப்பதும் அதனால்தான் 'கட் ஆஃப்'. மரத்தையே வெட்டிச் சாய்த்தால் 'கட் டவுன்'. நின்றது கீழே வந்தது. சாய்ந்த மரத்தை விறகுக்காகத் துண்டு துண்டாக வெட்டினால் 'கட் அப்'. இங்கே பலரும் தடுமாறுகிறார்கள்: கீழே கிடக்கும் மரத்துக்கு எப்படி 'அப்'? இந்த 'அப்' மேலே என்று சொல்லவில்லை, முழுக்க என்று சொல்கிறது. செய்தித்தாளில் அந்த மரத்தின் படம் வந்து, அதைக் கத்தரித்து எடுத்தால் 'கட் அவுட்'. தாளில் ஓட்டை விழுந்தது, படம் வெளியே வந்தது. நான்கு செயலுக்கும் கை அசைவு வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்வது வால்.

'அப்' ஏன் 'முழுக்க' என்று பொருள் தருகிறது? குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். மட்டம் ஏறி ஏறி வாய்க்கு வந்தால் குடம் நிறைந்தது. ஏறுவதும் நிறைவதும் ஒரே காட்சி. அங்கிருந்துதான் 'ஃபில் அப்', 'யூஸ் அப்', 'ஈட் அப்', 'டிரிங்க் அப்' எல்லாம். நம் 'குடித்துவிடு', 'சாப்பிட்டு முடி' என்பதன் 'விடு', 'முடி' செய்கிற வேலையை இங்கே 'அப்' செய்கிறது. 'அப்'புக்கு வேறு முகங்களும் உண்டு. சத்தமும் விலையும் கூடினால் 'அப்': 'டர்ன் அப் தி வால்யூம்', 'ஸ்பீக் அப்'. ஒருவர் கண்முன் வந்து நின்றால் 'அப்': 'ஷோ அப்', 'டர்ன் அப்'. 'கிவ் அப்' இவற்றில் எதற்குள்ளும் எளிதாக அடங்காது. ஒப்படைத்துவிடுவது என்ற பழைய பொருளிலிருந்து 'கைவிடு' ஆனது. அதை அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

'அவுட்' உள்ளேயிருந்து வெளியே. மறைந்திருந்தது வெளியே வந்தால் தெரிந்துவிட்டது என்று பொருள்: 'ஃபைண்ட் அவுட்', 'வர்க் அவுட்', 'டர்ன் அவுட்'. உள்ளே இருந்ததெல்லாம் வெளியே போனால் தீர்ந்துவிட்டது: 'ரன் அவுட் ஆவ்'. கிரிக்கெட் பார்க்கும் நமக்கு 'ரன் அவுட்' என்றால் ஸ்டம்ப்தான் நினைவுக்கு வரும். அடுக்களையில் 'வி ஹேவ் ரன் அவுட் ஆவ் மில்க்' என்றால் பால் தீர்ந்துவிட்டது. பலருக்கும் நீட்டிக் கொடுத்தால் 'கிவ் அவுட்', 'ஹேண்ட் அவுட்'.

'ஆஃப்' என்பது ஒட்டியதிலிருந்து விலகல். செருப்பைக் கழற்றினால் 'டேக் ஆஃப்', விமானம் தரையை விட்டு எழும்பினாலும் 'டேக் ஆஃப்', ஒருவரை வழியில் இறக்கிவிட்டால் 'டிராப் ஆஃப்', நிகழ்ச்சியை ரத்து செய்தால் 'கால் ஆஃப்'. ஒரு பொறி மட்டும் உண்டு. 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் மணி நின்றது அல்ல, அடித்தது. வெடி 'வென்ட் ஆஃப்' என்றால் வெடித்தது. அடக்கி வைத்திருந்த விசை கட்டவிழ்ந்து கிளம்பியதாக நினைத்தால் மறக்காது. பிரிட்டிஷ் பேச்சில் பால் 'வென்ட் ஆஃப்' என்றால் கெட்டுவிட்டது.

'ஆன்' என்பது ஒட்டிக்கொள்வது, அதனால் தொடர்வதும் கூட: 'புட் ஆன்' அணிந்துகொள், 'கேரி ஆன்' விடாமல் செய். 'டவுன்' குறைவதும் நிற்பதும்: 'ஸ்லோ டவுன்', 'பிரேக் டவுன்', 'ஷட் டவுன்'. 'இன்' உள்ளே: 'செக் இன்', 'லாக் இன்'. 'பேக்' திரும்ப, 'அவே' அப்பால், 'ஓவர்' ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்: 'டர்ன் ஓவர்' புரட்டு, 'டேக் ஓவர்' பொறுப்பை ஏற்றுக்கொள். இவை அதிகம் தொல்லை தருவதில்லை.

இரண்டாம் படி: 'அதை' எங்கே வைப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

'ஃபேனை நிறுத்து', 'அதை நிறுத்து'. தமிழில் பெயர் வந்தாலும் சுட்டு வந்தாலும் இடம் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். 'டர்ன் ஆஃப் தி ஃபேன்' சரி. 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் 'இட்' வந்தால் ஒரே வழிதான்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. 'மி', 'ஹிம்', 'ஹெர்', 'அஸ்', 'தெம்' எல்லாவற்றுக்கும் இதே விதி: 'பிக் மி அப்', 'வேக் ஹிம் அப்', 'த்ரோ தெம் அவே'.

காரணம் எளியது. ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் பொதுவாகப் புதிய செய்தி நிற்கும். 'இட்' என்று சொல்லும்போது எது என்பது முன்பே தெரியும். அதில் புதிது இல்லை. புதிய செய்தி 'ஆஃப்'. அதனால் 'இட்' நடுவில் ஒடுங்கிக்கொள்கிறது. இதே காரணத்தால் பெயர் நீளமானால் கடைசிக்குப் போகும். 'பஸ் ஸ்டாண்டில் நிற்கும் என் தம்பியின் நண்பனை' என்பதையெல்லாம் 'பிக்'குக்கும் 'அப்'புக்கும் நடுவில் செருகினால் கேட்பவர் 'அப்' வருவதற்குள் களைத்துவிடுவார். 'பிக் அப்' என்று முடித்துவிட்டுப் பிறகு ஆளைச் சொல்லுங்கள்.

இனி மறுவகை. 'லுக் ஆஃப்டர் ஹெர்', 'லுக் ஃபார் இட்', 'வெயிட் ஃபார் மி', 'ரன் இன்டு தெம்'. இங்கே வினையையும் அடுத்த சொல்லையும் பிரிக்கவே கூடாது. 'லுக் ஹெர் ஆஃப்டர்' என்று ஒருவரும் சொல்வதில்லை. எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, பின்னால் நிற்கும் சொல்லே காட்டிக்கொடுக்கும். ஆஃப்டர், ஃபார், அட், இன்டு, வித், ஃப்ரம், ஆவ் இவை வந்தால் பிரியாது. அவே, பேக் வந்து கூடவே ஒரு பொருளும் இருந்தால் பிரியும். அப், அவுட், டவுன் பெரும்பாலும் அப்படியே. இன், ஆன், ஆஃப், ஓவர், த்ரூ இரு பக்கமும் சாயும். இவற்றில் கவனம் வேண்டும். 'புட் இட் ஆன்' சரி, ஆனால் பஸ்ஸில் ஏறுவது 'கெட் ஆன் இட்'. சட்டை உடம்பில் ஒட்டுகிறது, அதனால் 'ஆன்' சட்டையின் நிலையைச் சொல்கிறது. பஸ் எங்கும் ஒட்டவில்லை. நாம்தான் பஸ்ஸின் மேல். 'டர்ன் டவுன்' இன்னும் தெளிவான சான்று. வேலை வாய்ப்பை மறுத்தால் 'டர்ன் இட் டவுன்'. ஒரு தெருவுக்குள் திரும்பினால் 'டர்ன் டவுன் தி ஸ்ட்ரீட்'. இங்கே தெருவை நடுவில் கொண்டுவர முடியாது.

இரண்டாம் வழி அகராதி. மாணவர் அகராதிகளில் 'சம்படி', 'சம்திங்' என்ற சொற்களின் சுருக்கம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'பிக்', அடுத்து 'சம்திங்', அடுத்து 'அப்' என்று போட்டிருந்தால் நடுவில் வைக்கலாம். 'லுக் ஆஃப்டர்', அதன்பின் 'சம்திங்' என்றிருந்தால் பிரிக்கக் கூடாது. சில அகராதிகள் இருமுனை அம்புக்குறி போட்டு இரண்டு இடமும் ஆகும் என்று காட்டும். பெரும்பாலோர் பொருளை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் குறியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மூன்றாம் வழி காது. 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மேல் விழும், 'அட்' அமுங்கிப்போகும்.

'டெல் தி ட்வின்ஸ் அபார்ட்' (இரட்டையரை வேறுபடுத்தி அறி) போலப் பெயர்கூட நடுவில்தான் நிற்க வேண்டிய சிலவும் உண்டு. எண்ணிக்கை குறைவு, எதிர்ப்படும்போது குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: இரட்டை வால்

'புட் அப் வித்' பொறுத்துக்கொள், 'ரன் அவுட் ஆவ்' தீர்ந்துபோ, 'கம் அப் வித்' யோசித்துச் சொல், 'கட் டவுன் ஆன்' குறைத்துக்கொள், 'கேட்ச் அப் வித்' எட்டிப்பிடி. இவற்றைப் பிரிக்கவே வேண்டாம், 'இட்' வந்தாலும் கடைசியில்தான். மின்னஞ்சலில் அதிகம் பிழைபடுவது 'லுக் ஃபார்வர்ட் டு'. அதன் 'டு' வினைக்கு முன் வரும் 'டு' அல்ல. பெயர்ச்சொல்லை எதிர்பார்க்கும் 'டு'. ஆகவே 'டு மீட் யூ' தவறு, 'டு மீட்டிங் யூ' சரி. வாலுக்குப் பின் வினை வந்தால் பொதுவாக அதற்கு 'இங்' வேண்டும்: 'கிவ் அப் ஸ்மோக்கிங்', 'கீப் ஆன் டிரையிங்'.

நான்காம் படி: காலமும் எழுத்தும்

காலம் வினையில்தான் ஏறும், வாலில் ஏறாது. 'பிக்டு அப்', 'கேவ் அப்', 'ரன்னிங் அவுட்'. 'லாக் இன்' என்பதை ஒரே சொல்லாக நினைத்தவர்கள் இறந்த காலத்தில் மாட்டிக்கொள்வார்கள். 'லாக்டு இன்' என்று சொல்லிப் பார்த்தாலே இரண்டு சொல் என்பது விளங்கும். ஆகவே 'உள்நுழையவும்' என்ற பொருளில் 'ப்ளீஸ் லாக் இன்' என்று இடம் விட்டு எழுத வேண்டும். பெயராக நின்றால்தான் சேர்த்து எழுதுவது. செட்டப், பேக்கப், மேக்கப், பிரேக்டவுன், டேக்ஆஃப் எல்லாம் நம்மிடம் பெயராகவே வந்தவை. பெயரில் அழுத்தம் முதலில், வினையில் அழுத்தம் வாலில்: 'ஏ பிரேக்டவுன்' என்பதில் 'பிரேக்', 'தி பஸ் ப்ரோக் டவுன்' என்பதில் 'டவுன்'.

செயப்பாட்டு வினையில் வால் உதிர்ந்துவிடக் கூடாது. 'தி ஃபயர் வாஸ் புட் அவுட்' என்பதில் 'அவுட்' போனால் தீ எங்கோ வைக்கப்பட்டது என்றாகிவிடும்.

ஐந்தாம் படி: சேர்த்துச் சொல்லுங்கள்

எழுத்தில் மூன்று சொல்லாகத் தெரிவது பேச்சில் ஒன்றாகும். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்'. 'டர்ன் இட் ஆஃப்' என்பது 'டர்னிட்டாஃப்'. 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்று நன்னூல் சொல்வதுதான் இங்கே நடக்கிறது: முதல் சொல்லின் ஈற்று மெய்யோடு அடுத்த சொல்லின் முதல் உயிர் சேர்கிறது. அப், அவுட், ஆன், ஆஃப், இன், அவே, ஓவர் எல்லாம் உயிரில் தொடங்குவதால் முன்னால் உள்ள மெய் ஒட்டிக்கொண்டே தீரும். வேகமான பேச்சு புரியாததற்குப் பாதிக் காரணம் இது. சொல் தெரியாதது அல்ல, ஒட்டிய இடம் தெரியாதது. ஒவ்வொன்றையும் ஐந்து முறை சேர்த்தே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நம்மவர் வழுக்கும் இடங்கள்

'பையை அங்கே வை' என்பதை 'கீப் தி பேக் தேர்' என்கிறோம். ஆங்கில 'கீப்' வைத்துக்கொண்டே இருப்பது. ஒரு முறை வைப்பதற்கு 'புட் இட் தேர்', கீழே வைப்பதற்கு 'புட் இட் டவுன்'. அதே போல் 'சட்டை போட்டுக்கொண்டு வா' என்பதற்கு 'வேர்' பொருந்தாது. போட்டுக்கொள்ளும் செயல் 'புட் ஆன்', போட்டிருக்கும் நிலை 'வேர்'.

'பஸ்ஸிலிருந்து இறங்கு' என்பதை 'கெட் டவுன்' என்கிறோம். கேட்பவர் ஏணியிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்குவதாக நினைக்கலாம். பஸ், ரயில், விமானம், கப்பல் என எழுந்து நடக்க இடமுள்ளவற்றுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார், டாக்ஸி, ஆட்டோ போல உள்ளே குனிந்து உட்கார்பவற்றுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் ஆவ்'. கால் போட்டு உட்காரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் மீண்டும் 'ஆன்', 'ஆஃப்'.

'ஐ பாஸ்டு அவுட் இன் 2015' என்று சுயவிவரத்தில் எழுதினால் இந்தியாவில் பட்டம் பெற்றதாகப் படிப்பார்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ அந்த வருடம் மயங்கி விழுந்ததாகப் படிப்பார்கள். 'கிராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். படிவத்தை 'ஃபில் அப்' செய்வதில்லை. பிரிட்டனில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்'. 'ஃபில் அப்' பெட்ரோல் டாங்குக்கு. 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' தேவையில்லை. 'கோப் வித்' போதும். 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' மிகை, ஏனெனில் 'ரிட்டர்ன்' உள்ளேயே திரும்புதல் இருக்கிறது. 'பிரிபோன்' இந்தியாவுக்கு வெளியே பலருக்கும் புரியாது. 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் புரியும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. வால் பிடிபட்ட உற்சாகத்தில் எல்லா இடத்திலும் அதையே போடுவது. ஒப்பந்தத்திலும் சட்டக் கடிதத்திலும் 'டெர்மினேட்', 'போஸ்ட்போன்' தான் இருக்க வேண்டிய சொற்கள். சக ஊழியரிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லும்போது 'புட் ஆஃப்'.

நான்கு வாரப் பயிற்சி

வாரத்துக்கு இரண்டு மூன்று வால்கள், எட்டுச் சேர்க்கைகள். முதல் வாரம் ஆன், ஆஃப். இரண்டாம் வாரம் இன், அவுட். மூன்றாம் வாரம் அப், டவுன். நான்காம் வாரம் பேக், அவே, ஓவர். ஒவ்வொரு சேர்க்கையையும் பொருளோடு மட்டும் எழுதாதீர்கள். வீட்டில் உள்ள ஒரு பொருளை வைத்து மூன்று வரியாக எழுதுங்கள். 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்', 'டேக் தெம் ஆஃப்'. மூன்றாவது வரியைத்தான் அதிகம் சொல்லிப் பழக வேண்டும், ஏனெனில் பேச்சில் அதிகம் வருவதும் வழுக்குவதும் அதுவே. பிரியாத வகை என்றால் இரண்டு வரி போதும்.

பிறகு ஒரு நாளை வாயால் நடத்துங்கள். அலாரம் கோஸ் ஆஃப். விழித்துக்கொண்டால் 'வேக் அப்', படுக்கையை விட்டு எழுந்தால்தான் 'கெட் அப்'. இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் இருக்கலாம். அலாரத்தை 'டர்ன் இட் ஆஃப்'. தண்ணீர் பாட்டிலை 'ஃபில் இட் அப்'. சட்டையை 'புட் இட் ஆன்'. பஸ்ஸில் 'கெட் ஆன்', நிறுத்தத்தில் 'கெட் ஆஃப்'. அலுவலகத்தில் 'லாக் இன்'. ஒரு கோப்பை மேலோட்டமாகப் பார்க்க 'லுக் இட் ஓவர்'. அழைத்தவருக்குத் திரும்ப அழைக்க 'கால் ஹிம் பேக்'. வீட்டுக்கு வந்ததும் செருப்பை 'டேக் தெம் ஆஃப்'. பழைய சோற்றை 'த்ரோ இட் அவே', கழுவிய பாத்திரத்தை 'புட் இட் அவே'. செயலைச் செய்துகொண்டே சொன்னால் கை அசையும் திசையும் வாலும் ஒன்றாக மனதில் பதியும்.

முதல் மாத முடிவில் இந்த ஐந்தையும் எழுதாமல் வாயாலேயே சொல்லிப் பாருங்கள்: லைட் எரிகிறது, அதை அணை. சர்க்கரை தீர்ந்துவிட்டது. பாட்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? சாவியைக் காணோம், அதைத்தான் தேடுகிறேன். கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

விடைகள்: 'டர்ன் இட் ஆஃப்'. 'வி ஹேவ் ரன் அவுட் ஆவ் சுகர்'. 'ஹூ இஸ் லுக்கிங் ஆஃப்டர் கிராண்ட்மா?' 'ஐ அம் லுக்கிங் ஃபார் இட்'. 'தே ஹேவ் புட் ஆஃப் தி மீட்டிங் டில் ஃபிரைடே'. கடைசி வாக்கியத்தைத் தமிழோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 'வை' என்பது 'புட்', 'தள்ளி' என்பது 'ஆஃப்'. கூட்டம் என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள்' என்று மாற்றினால், 'தே ஹேவ் புட் இட் ஆஃப்'.